டிரான்சிஸில் நாமே எழுதிய டைப் மக்கர் செய்யும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

கட்டட ஆற்றல் சிமுலேஷனுக்கு எத்தனையோ மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனாலும் டிரான்சிஸை (TRNSYS) விடாமல் வைத்திருப்பவர்கள் பலருக்கும் காரணம் ஒன்றுதான்: நூலகத்தில் இல்லாத கருவியை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் ‘டைப்’ என்று பெயர், அதற்கு ஒரு எண். பயனர்களுக்கென்று 201 முதல் 300 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபோர்ட்ரானில் எழுதி, டிஎல்எல் (டிரான்சிஸ் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் ஃபைல்) ஆகக் கம்பைல் செய்து, உரிய ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது என்று கையேடு சொல்லும். தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன. உங்கள் சப்ரூட்டீனைக் கெர்னல் (டிரான்சிஸின் கணக்கு மையம்) ஒரு டைம்ஸ்டெப்புக்கு (கணக்கின் ஒரு நேரத் துண்டுக்கு) ஒரு தடவை மட்டும் கூப்பிடுவதில்லை. எத்தனை பாராமீட்டர், எத்தனை இன்புட் என்று கேட்க ஒரு முறை, ஆரம்ப மதிப்புகளை வாங்க ஒரு முறை, பிறகு ஒவ்வொரு டைம்ஸ்டெப்பிலும் இன்புட் மாறும்போதெல்லாம் மறுபடி மறுபடி, எல்லாம் ஒருங்கிய (விடைகள் மேலும் மாறாமல் நிலைத்த) பின் ‘இந்த ஸ்டெப் முடிந்தது’ என்று சொல்ல ஒரு முறை, கடைசியில் விடைபெற ஒரு முறை. இது எந்த அழைப்பு என்று தெரிந்துகொள்ள டிரான்சிஸ் 17 முதல் தனித்தனி ஃபங்ஷன்கள் உண்டு. பழைய கோடில் ‘இன்ஃபோ’ அரேயின் ஏழாவது, எட்டாவது இடங்களைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். எந்தப் பாணியாக இருந்தாலும், எந்த அழைப்பில் எந்த வரி ஓடுகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

‘டைப் கிடைக்கவில்லை’ என்று தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறது

எரர் பெட்டியில் வரும் ஒற்றை வரியோடு நிற்காமல் லிஸ்ட் ஃபைலை (ஓட்டத்தின் பதிவேட்டை) திறங்கள். யூசர்லிப் ஃபோல்டரில் எந்தெந்த டிஎல்எல் கண்ணில் பட்டது, எது ஏற்றப்பட்டது என்று அங்கே பதிவாகியிருக்கும்.

உங்கள் ஃபைல் பெயரே அதில் இல்லையென்றால் அது தவறான ஃபோல்டரில் இருக்கிறது. யூசர்லிப்புக்குள் ரிலீஸ் (வழக்கமாக ஓட்ட), டீபக் (பிழை தேட) என இரண்டு உள்ளன. விஷுவல் ஸ்டூடியோ எதில் கொண்டுபோய்ப் போடுகிறது என்று பாருங்கள். பல சமயம் அது புராஜெக்ட் ஃபோல்டரிலேயே விட்டுவிடும், நீங்கள் போன மாதத்து டிஎல்எல்லை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபைலின் தேதியையும் நேரத்தையும் பார்ப்பது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபைல் பெயர் இருக்கிறது, ஆனால் இந்தத் திட்டத்துக்கு வேண்டிய டைப் எதுவும் அதற்குள் இல்லை என்று வந்தால் எக்ஸ்போர்ட் வரியில் தவறு. வேறொரு டைப்பின் கோடை நகலெடுத்து, சப்ரூட்டீன் பெயரை 201-இலிருந்து 205 ஆக மாற்றிவிட்டு, மேலே உள்ள ‘டிஎல்எல் எக்ஸ்போர்ட்’ வரியை அப்படியே விட்டுவிடுவது மிக வழக்கம். அந்த வரி ஆச்சரியக்குறியில் தொடங்குவதால் வெறும் கமென்ட் மாதிரி இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் டம்ப்பின் கருவியை ஓட்டினால் டிஎல்எல் எந்தப் பெயரை வெளியே காட்டுகிறது என்று ஒரே நொடியில் தெரியும்.

உங்கள் கணினியில் ஓடி, நண்பர் கணினியில் ஓடாவிட்டால் இரண்டில் ஒன்று. டிரான்சிஸ் 17 முழுக்க 32 பிட், 18-இல் 32, 64 இரண்டும் உண்டு. 64 பிட் கெர்னல் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றாது, நேர்மாறாகவும் ஏற்றாது. பிட் ஒத்துப்போகிறது என்றால் இன்டெல் ஃபோர்ட்ரான் ரன்டைம் அந்தக் கணினியில் இல்லை. ரன்டைமையும் டிஎல்எல்லுக்குள்ளேயே சேர்க்கும்படி ஸ்டாட்டிக் லிங்க் அமைப்பைப் போட்டு மறுபடி கம்பைல் செய்து கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரையும் ரன்டைம் நிறுவச் சொல்லிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா?

பாராமீட்டர் எண்ணிக்கை சரியில்லை என்கிறது. அல்லது எதுவும் சொல்லாமல் தப்பான எண்களைத் தருகிறது

எண்ணிக்கைத் தகராறு நல்ல பிரச்சினை, சத்தம் போட்டுவிடும். மோசமானது வரிசைத் தகராறு. கெர்னலுக்குப் பெயர் தெரியாது, இடம் மட்டும்தான் தெரியும். புரோஃபார்மாவில் (டைப்பின் பாராமீட்டர், இன்புட், அவுட்புட்டை விவரிக்கும் படிவத்தில்) நான்காவதாகத் தொட்டியின் உயரமும் ஐந்தாவதாக வெப்ப இழப்புக் குணகமும் இருந்து, கோடில் அவை இடம் மாறியிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. தொட்டிக்கு 2.5 மீட்டர் உயரம் என்று நீங்கள் கொடுத்தது இழப்புக் குணகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புரோஃபார்மாவைத் திருத்திச் சேமித்தாலும், டிரான்சிஸின் சிமுலேஷன் ஸ்டூடியோ திட்டத்தில் ஏற்கெனவே வைத்துவிட்ட கருவி பழைய வடிவத்தோடேயே இருக்கும். அதை நீக்கிவிட்டுப் புதிதாக இழுத்துப் போட்டு, இணைப்புகளையும் திரும்பக் கொடுக்க வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் டெக் ஃபைலையே டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, உங்கள் யூனிட்டுக்கு (திட்டத்தில் வைத்த கருவிக்கு) கீழே உள்ள எண்களைக் கோடோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கெர்னல் வாசிப்பது அந்த டெக்கைத்தான், ஸ்டூடியோவில் தெரிகிற படத்தை அல்ல.

சூடு மிக வேகமாக ஏறுகிறது. டைம்ஸ்டெப்பை மாற்றினால் விடையும் மாறுகிறது

சொந்த டைப்களில் நான் அதிகம் பார்க்கும் நோய் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

300 கிலோ தண்ணீர் உள்ள, நன்றாகக் கலந்த தொட்டி. இழப்பு இல்லை, 2 கிலோவாட் ஹீட்டர். டைம்ஸ்டெப் 0.1 மணி, அதாவது 6 நிமிடம், 360 விநாடி. உள்ளே போகும் ஆற்றல் 720 கிலோஜூல். தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு 4.19 கிலோஜூல் என்று கொண்டால் தொட்டிக்கு 1257. ஆக வெப்பநிலை 0.57 டிகிரி ஏற வேண்டும்.

இப்போது கோடில் ‘தொட்டி வெப்பநிலை = தொட்டி வெப்பநிலை + ஏற்றம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டியைத் தனியாக வைத்துச் சோதித்தீர்கள், இன்புட் எதுவும் மாறவில்லை, ஸ்டெப்புக்கு ஒரு தடவைதான் அழைப்பு வந்தது, 0.57 டிகிரி ஏறியது, சந்தோஷம். பிறகு பம்ப், கலெக்டர், கட்டடம் எல்லாவற்றோடும் இணைத்தீர்கள். இப்போது கெர்னல் ஒருங்குவதற்காக ஒரே ஸ்டெப்பில் நான்கு தடவை கூப்பிடுகிறது. ஒவ்வொரு தடவையும் 0.57 கூடி 2.29 டிகிரி ஏறிவிடுகிறது. அழைப்புகளின் எண்ணிக்கை ஸ்டெப்புக்கு ஸ்டெப் மாறுவதால் பிழையும் நிலையாக இருக்காது. வெயில் நேரத்தில் அதிகம், இரவில் குறைவு என்று ஆடும். பார்க்கிறவருக்கு ஏதோ இயற்பியல் சமாசாரம் மாதிரியே தோன்றும், அங்கேதான் ஆபத்து.

சோதிப்பது எளிது. டாலரன்ஸை (ஒருங்கியதாக ஏற்கும் பிழை அளவை) பத்து மடங்கு தளர்த்தி ஓட்டுங்கள். சுற்றுகள், அதாவது ஒரே ஸ்டெப்பில் வரும் மறு அழைப்புகள், குறையும். நல்ல டைப் என்றால் விடை லேசாகத்தான் அசையும். இந்த நோய் இருந்தால் விடை தலைகீழாக மாறும்.

மருந்து: போன டைம்ஸ்டெப் முடிவில் இருந்த மதிப்பு ஒன்று, இந்தச் சுற்றில் கணக்கிட்ட மதிப்பு ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கூப்பிட்டாலும் கணக்கு முதலாவதிலிருந்தே தொடங்க வேண்டும். டிரான்சிஸ் 17-இன் டைனமிக் சேமிப்பு அரே இதற்காகவே இருக்கிறது: போன ஸ்டெப்பின் மதிப்பை வாங்க ஒரு ஃபங்ஷன், இந்தச் சுற்றின் மதிப்பைக் கொடுக்க ஒரு ஃபங்ஷன். ஸ்டெப் முடிந்ததும் கெர்னலே புதியதைப் பழையதன் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். சொந்த வேரியபிளில்தான் வைப்பேன் என்றால், ‘ஸ்டெப் முடிந்தது’ அழைப்பில் மட்டும் நகர்த்துங்கள்.

இதே வேர், வேறு முகம்: உங்கள் டைப் ஒரு ஃபைலில் எழுதுகிறது, ஒரே நேரத்துக்கு நான்கைந்து வரிகள் வருகின்றன. எழுதுகிற வரியை ஸ்டெப் முடிவு அழைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஃபைலின் லாஜிக்கல் யூனிட் எண்ணை (ஃபோர்ட்ரான் ஃபைலை அடையாளம் காணும் எண்ணை) கோடுக்குள் 10, 20 என்று அடித்து வைக்காமல் பாராமீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறொரு கருவி அதே எண்ணைப் பிடித்திருக்கும் நாளில் இரண்டும் ஒரே ஃபைலில் எழுதித் தள்ளும்.

ஒன்று இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது, இரண்டு வைத்தால் குழம்புகிறது

ஒரே டைப்பை யூனிட் 5, யூனிட் 9 என்று இரண்டு இடத்தில் வைத்தாலும் நினைவகத்தில் சப்ரூட்டீன் ஒன்றுதான். அதன் உள் வேரியபிள்களில் ஐந்தாவது யூனிட் எழுதிவைத்ததை ஒன்பதாவது யூனிட் எடுத்துக்கொள்ளும். பெரிய தொட்டியின் கொள்ளளவோடு சின்னத் தொட்டி ஓடும். பாராமீட்டர்களைத் திரும்ப வாசிக்க வேண்டுமா என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் அதைக் கேட்டு, ஆம் என்றால் எல்லாவற்றையும் மறுபடி வாசித்துவிடுங்கள். நினைவில் வைக்க வேண்டிய நிலைகளைச் சேமிப்பு அரேயில் வையுங்கள், அது யூனிட் வாரியாகப் பிரிந்தே இருக்கும்.

டைப்பை யாருக்காவது கொடுக்கும் முன் இரண்டு பிரதி வைத்து, வேறு வேறு பாராமீட்டர் கொடுத்து ஒரு நாள் சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் செலவு இல்லை.

‘ஒருங்கவில்லை’ என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை

டாலரன்ஸை 0.001-இலிருந்து 0.01 ஆக மாற்றி, எச்சரிக்கை வரம்பையும் உயர்த்திவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எச்சரிக்கை எந்த நேரத்தில் வருகிறது, எந்த யூனிட்களைச் சுட்டுகிறது என்று லிஸ்ட் ஃபைலில் பாருங்கள். அங்கங்கே சில ஸ்டெப்பில் மட்டும் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

அந்த யூனிட்டுக்கு மட்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ட்ரேஸ் போடுங்கள். ஒவ்வொரு சுற்றின் இன்புட்டும் அவுட்புட்டும் லிஸ்ட் ஃபைலில் விழும். அவுட்புட் இரண்டு மதிப்புகளுக்கு நடுவே மாறி மாறித் தாவினால் ஆன்-ஆஃப் முடிவு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. சூரியக் கலெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: பம்ப் ஓடாதபோது கலெக்டர் சூடாகிறது, வரம்பைத் தாண்டுகிறது, பம்ப் ஓடு என்கிறது டைப். அடுத்த சுற்றில் தண்ணீர் பாய்ந்து வெப்பநிலை விழுகிறது, நிறுத்து என்கிறது. அதற்கடுத்த சுற்றில் மறுபடி ஓடு. சுற்று வரம்பு தீரும்வரை இதே கதைதான். இந்தச் சமன்பாட்டுக்கு அந்த நேரத்தில் தீர்வே கிடையாது, எந்த டாலரன்ஸும் உதவாது.

டிரான்சிஸோடு வரும் டைப் 2 என்ற வேறுபாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி இதைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். ஏற வேண்டிய வரம்பு ஒன்று, இறங்க வேண்டிய வரம்பு ஒன்று, அதற்கு மேல் ஒரே ஸ்டெப்பில் எத்தனை முறை நிலை மாறலாம் என்று ஒரு எண்ணிக்கை. எண்ணிக்கை தீர்ந்ததும் இருக்கிற நிலையிலேயே உறைந்துவிடும். அந்த எண்ணிக்கையை 5 போல ஒற்றைப்படையாக வைப்பது வழக்கம், போன ஸ்டெப்பின் நிலைக்கு எதிர் நிலையில் வந்து நிற்பதற்காக. உங்கள் டைப்பிலும் இதையே செய்யலாம். இன்னும் நல்லது, கட்டுப்பாட்டை டைப்புக்குள் வைக்காமல் வெளியே எடுத்து டைப் 2-இடமே விட்டுவிடுவது. உள்ளேதான் வேண்டுமென்றால், வரம்புகளில் எதை ஒப்பிடுவது என்பதைப் போன ஸ்டெப்பின் நிலையை வைத்து முடிவு செய்யுங்கள், போன சுற்றின் நிலையை வைத்து அல்ல.

தாவல் இல்லை, கடைசித் தசமங்கள் மட்டும் நடுங்குகின்றன என்றால் வேறு காரணம். உங்கள் டைப்புக்குள் இன்னொரு இட்டரேஷன் ஓடுகிறதா? அது 0.01-இல் திருப்தியடைந்து நின்றுவிட்டு, வெளியே கெர்னல் 0.001 கேட்டால் எப்படி ஒருங்கும்? உள் டாலரன்ஸ் வெளி டாலரன்ஸைவிட நூறு மடங்காவது இறுக்கமாக இருக்கட்டும்.

விடை சுமார் நான்கு மடங்கு அதிகம் அல்லது குறைவு

உத்தேசமாக நான்கு என்று விடாமல் வகுத்துப் பாருங்கள், 3.6 வந்தால் விஷயம் முடிந்தது. டிரான்சிஸின் உள் அலகு மணிக்குக் கிலோஜூல். ஒரு வாட் என்பது 3.6 கிலோஜூல்/மணி. திரவ ஓட்டமும் விநாடிக்குக் கிலோ இல்லை, மணிக்குக் கிலோ. உற்பத்தியாளர் தந்த வாட் அட்டவணையை அப்படியே கோடில் ஒட்டியிருப்பீர்கள். 3600 வந்தால் மணி-விநாடிக் குழப்பம்.

கதிர்வீச்சுப் பரிமாற்றம் உள்ள டைப் என்றால் கெல்வினுக்குப் பதில் செல்சியஸை நான்காம் அடுக்குக்கு ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கோணங்கள் டிகிரியில் வரும், ஃபோர்ட்ரானின் சைன் ரேடியனைக் கேட்கும். 5-ஐ 9-ஆல் வகுத்தால் ஃபோர்ட்ரானில் பூஜ்யம், புள்ளி வைக்காவிட்டால். இவையெல்லாம் தெரிந்த கதைதான், ஆனாலும் தினமும் யாராவது ஒருவர் மாட்டுகிறார்.

மாலையில் மேற்குச் சுவரில் நம்ப முடியாத கதிர்வீச்சு முள் (திடீர் உச்சம்)

சூரியன் இருக்கும் இடத்தை நீங்களே கணக்கிடும் நிழல் அல்லது கண்ணாடி டைப் எழுதியிருந்தால் இது நம் பக்கத்து ஆட்களைத் தனியாகத் தேடி வரும். இந்தியாவும் இலங்கையும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். நேர மண்டலத்தை வைக்கிற வேரியபிளை முழு எண்ணாக அறிவித்திருந்தால் 5.5 சத்தமில்லாமல் 5 ஆகிவிடும். ஃபோர்ட்ரானில் வகை அறிவிக்காமல் விட்டால் ஐ முதல் என் வரையான எழுத்தில் தொடங்கும் பெயரெல்லாம் முழு எண்தான், எனவே ஒவ்வொரு சப்ரூட்டீனிலும் ‘இம்ப்ளிசிட் நன்’ கட்டாயம். ஐந்தை 15-ஆல் பெருக்கினால் நியம தீர்க்கரேகை (கடிகார நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை) 75 டிகிரி, சரியானது 82.5. சூரியன் அரை மணி முன்னால் ஓடும்.

சென்னை சுமார் 80.2 டிகிரி கிழக்கில் இருக்கிறது. 82.5-க்கும் அதற்கும் 2.3 டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் சூரிய நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்க வேண்டும், காலச் சமன்பாடு (ஆண்டின் நாளுக்கேற்ப சூரிய நேரத்தில் வரும் சில நிமிட விலகல்) தனி. உங்கள் டைப் 21 நிமிடம் முந்துகிறது என்றால் இதுதான் காரணம். முள் எப்படி வருகிறது? வானிலை ஃபைலில் இன்னும் வெயில் இருக்கிறது, டைப்பின் கணக்கில் சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டது, கிடைத்தள நேர்க்கதிரைச் சூரிய உயரக் கோணத்தின் ஏறக்குறையப் பூஜ்யமான சைனால் வகுக்கிறீர்கள். சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஒரு வரம்பு போடுவது நல்லதுதான், ஆனால் மூல நேரத்தைச் சரிசெய்யாமல் வரம்பு மட்டும் போட்டால் முள் மறையும், பிழை இருக்கும்.

தீர்க்கரேகையின் குறி கிழக்குக்கு எதிர்மறை என்று எடுக்கும் கருவிகளும் டிரான்சிஸில் உண்டு, ஆவணத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

டீபக்கில் ஓடுகிறது, ரிலீஸில் ஓடவில்லை

ஆரம்ப மதிப்பு கொடுக்காத வேரியபிள், அல்லது எல்லை தாண்டிய அரே. கம்பைலரில் அரே எல்லைச் சரிபார்ப்பையும் ட்ரேஸ்பேக்கையும் போட்டு ஒரு தடவை ஓட்டினால் வரி எண்ணோடு சொல்லிவிடும். எண்ணுக்குப் பதில் ‘நான்’ (NaN, எண் அல்ல என்பதன் குறி) என்று வரத் தொடங்கினால் பூஜ்யத்தால் வகுக்கிற இடத்தைத் தேடுங்கள், திரவ ஓட்டம் நின்ற நேரத்தில் அந்த ஓட்டத்தால் வகுப்பதுதான் முதல் குற்றவாளி. எண்ணிக்கைகளைச் சொல்லும் முதல் அழைப்பில் ரிட்டர்ன் வைக்க மறந்திருந்தாலும் இதே கதி: இன்புட் வரும் முன்பே கணக்குக்குள் விழுந்துவிடும்.

எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆண்டுக் கணக்கு மட்டும் இடிக்கிறது

கட்டடத்தையும் மற்றதையும் கழற்றிவிடுங்கள். உங்கள் டைப், இன்புட் கொடுக்க டைப் 14, கூட்டிவைக்க டைப் 24, அச்சிட டைப் 25, இவ்வளவுதான் திட்டம். உள்ளே போன ஆற்றல், வெளியே வந்தது, இழப்பு, உள்ளே தேங்கியதில் மாற்றம் ஆகியவற்றை டைப்பே தனித்தனி அவுட்புட்டாகத் தர வேண்டும். தரவில்லை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். கணக்கில் இடிக்கும் மிச்சத்தை மணி வாரியாகப் பாருங்கள்.

பூஜ்யத்தின் இரு பக்கமும் துளித்துளியாக ஆடினால் அது டாலரன்ஸ், விட்டுவிடலாம். சூடேறும்போது ஒரு குறி, ஆறும்போது எதிர்க்குறி என்றால் இழப்பை ஸ்டெப்பின் தொடக்க வெப்பநிலையிலும், வெளியேறும் ஆற்றலை முடிவு வெப்பநிலையிலும் கணக்கிட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஸ்டெப்பின் சராசரியையே எடுங்கள். மிச்சம் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் மேலே தொட்டிக் கணக்குக்குத் திரும்பிப் போய், எந்த அழைப்பில் நிலையை நகர்த்துகிறீர்கள் என்று பாருங்கள்.